வராத ஞாயிறுகள்

தொலைபேசி ஒலித்தபோது ஒடீல் பட்டாணி சூப்பில் பன்றித் தொடை எலும்பைப் போட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாள். தேர்தல் காலத்தில் சாயங்காலம் ஆனால் போன் ஓயாது. ஜனாதிபதி வேட்பாளராக யாரை நிறுத்துவது என்று கட்சிக்காரர்கள் முதலில் ஓட்டுப் போடும் மாநிலங்களில் நியூ ஹாம்ப்ஷயரும் ஒன்று என்பதால், நாட்டின் பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் குளிர்காலம் முழுக்க அந்தப் பனியில்தான் கிடப்பார்கள். ஒடீலின் ஊரான, காகித ஆலை மூடிப்போன குரோவ்டனைக்கூட விட்டுவைக்க மாட்டார்கள்.

சின்னதாக ஒரு கருத்துக் கணிப்பு என்றது ஒரு பெண்ணின் குரல். சளி பிடித்த குரல். பாவமாக இருந்ததால் ஒடீல் போனை வைக்கவில்லை. வரி பற்றி ஒரு கேள்வி, சாலை பற்றி ஒரு கேள்வி. அப்புறம் அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒப்பிக்கிற மாதிரி படித்தாள்: "செனட்டர் விட்கோம், சுகமில்லாம இருந்த முதல் மனைவியை மனநல மருத்துவமனையில விட்டுட்டு ஓட்டுக் கேக்கப் போனவர்னு தெரிஞ்சா, அவருக்கு ஓட்டுப் போடுவீங்களா, மாட்டீங்களா, இல்ல, இதனால வித்தியாசம் ஒண்ணும் இல்லையா?"

ஒடீல் கைத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டாள். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். அந்தப் பெண் அதே ராகத்தில் மறுபடி படித்தாள். யார் சொன்னது இது என்று கேட்டதற்கு, எழுதிக் கொடுத்ததைத்தான் படிக்கிறேன் மேடம், எனக்கு ஒன்றும் தெரியாது என்றாள்.

"வித்தியாசம் இல்லைன்னு போட்டுக்கோ" என்றாள் ஒடீல். "ராத்திரி படுக்கும்போது சுடுதண்ணியில தேன் விட்டுக் குடி."

அந்த முதல் மனைவி ஒடீல்தான்.

முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. செவிலியர் படிப்புக்கென்று ஓஹையோ போனவள் அங்கே சட்டம் படித்துக்கொண்டிருந்த ஆல்டன் விட்கோமைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஓட்டை ஷூ, நிறைய பேச்சு, நல்ல சிரிப்பு, அவ்வளவுதான் அன்றைக்கு அவனுடைய சொத்து. ஒரு பையன் பிறந்தான். மூன்று மாதம்கூடத் தங்கவில்லை. ஒரு காலையில் தொட்டிலில் சில்லிட்டுக் கிடந்தான். அதன்பிறகு ஒடீல் பேச்சை நிறுத்தினாள், சாப்பாட்டை நிறுத்தினாள். மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஆல்டன் ஞாயிறுதோறும் வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து தானாகப் பேசிவிட்டுப் போவான். இலையுதிர் காலத்தில் முதன்முதலாக ஒரு மாவட்டப் பதவிக்குத் தேர்தலில் நின்றான். இரண்டு ஞாயிறு வரவில்லை. மூன்றாம் ஞாயிறு வந்தவனிடம், இனி வராதே என்று சொல்லிவிட்டாள். அவன் வரவில்லை. அப்பா வந்து அவளை ஊருக்கு அழைத்துப்போனார். விவாகரத்து தபாலிலேயே முடிந்தது.

அவள் ஒரு கல்யாணம் செய்து அது முறிந்து வந்தவள் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். யாரை என்று கேட்டுக்கொண்டு யாரும் வரவில்லை. பிறகு ஆலையில் வேலைபார்த்த ரேயால் கன்யோனைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன்னால் அவனுடைய வண்டியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அவனிடம் சொன்னாள். அவன் கேட்டு முடித்து, ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டி வைத்தான். அதற்குப்பிறகு அந்தப் பேச்சை அவன் எடுத்ததில்லை.

போனில் வந்த அந்த வாக்கியம் அவளுக்குப் புதிதில்லை என்பதுதான் அவளை உலுக்கியது. என்னை விட்டுவிட்டு ஓட்டுக் கேட்கப் போனான் என்று அவளே மனசுக்குள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ஆனால் அது அவளுடைய வசவு. வேறொருத்தி வாயிலிருந்து வந்தபோது, தன் வீட்டுக் கொடியில் காய்ந்த துணியை யாரோ உடுத்திக்கொண்டு தெருவில் போகிற மாதிரி இருந்தது.

ஆலை மூடியபிறகு ரேயால் ஊர் வாசல்களில் பனி தள்ளும் வண்டி ஓட்டினான். அன்றைக்கு அவன் உள்ளே வந்து பூட்ஸிலிருந்து பனியைத் தட்டும்போதே அவனும் கேள்விப்பட்டுவிட்டான் என்று தெரிந்தது. அவள் முகத்தைப் பார்க்காமல் அடுப்பிடம் போய், சூப் அடிப்பிடிக்கிறது என்று சொல்லிக் கிளறினான்.

அவன் ஹோல்ப்ரூக்கின் ஆள். கவர்னர் ஹோல்ப்ரூக்கும் விட்கோமும் ஒரே கட்சி, அதே வேட்பாளர் இடத்துக்குப் போட்டி; அந்தப் போனும் ஹோல்ப்ரூக் தரப்பின் வேலைதான் என்று ஊருக்கே தெரியும். மேடையில் தோளில் கைபோட்டுக்கொள்வார்கள், டிவியில் ஒருவர் தோலை ஒருவர் உரிப்பார்கள். ரேயால் ஹோல்ப்ரூக்கின் பெயர் எழுதிய பலகை ஒன்றை வாசல் பனியில் நட்டு வைத்திருந்தான். மறுநாள் காலை அது அங்கே இல்லை.

"பலகை எங்க?" என்று கேட்டாள்.

"பனி தள்ளும்போது வண்டி இடிச்சிருச்சு."

"இருபது வருஷமா வண்டி ஓட்டுற. தபால் பெட்டியக்கூட ஒரசினதில்ல."

"வயசாகுதில்ல" என்று சொல்லிவிட்டு அவன் காப்பியைக் குடித்தான்.

ஒடீல் பள்ளி பஸ் ஓட்டினாள். டிவி விளம்பரம் எல்லாம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். விட்கோம் தரப்பும் சளைத்ததில்லை. ஹோல்ப்ரூக்கின் மகன் குடித்துவிட்டு வண்டி ஓட்டி வேலியில் மோதிய பழைய வழக்கைத் தோண்டியெடுத்து, மகனையே அடக்கத் தெரியாதவர் நாட்டை எப்படி ஆள்வார் என்று படம் போட்டிருந்தார்கள். பஸ்ஸில் ஒருவன் குடிகார மகனாகத் தள்ளாடுவான், இன்னொருத்தி போலீஸாகி அவனை மடக்குவாள், மற்றவர்கள் கைதட்டுவார்கள். அந்த வாரம் புது ஆட்டம் வந்தது. ஒரு பெண்பிள்ளை தலையை விரித்துப்போட்டுக்கொண்டு ஜன்னலைப் பிறாண்ட, ஒருவன் அவளுக்கு டாட்டா காட்டிவிட்டு ஓட்டுக் கேட்கப் போனான். ஒடீல் பஸ்ஸை ஓரம் கட்டினாள். எல்லோரும் உட்கார்ந்தால்தான் வண்டி நகரும் என்று மட்டும் சொன்னாள்.

வார இறுதியில் ஹோல்ப்ரூக்கின் ஆட்களில் ஒருவன் வாசலில் வந்து நின்றான். மெல்லிசான நகரத்து ஷூ, முழங்கால் வரை நனைந்த பேண்ட். பழைய பதிவுகளைத் தேடி அவள் பெயரைக் கண்டுபிடித்தானாம். வெளியே யாருக்கும் தெரியாது, அவள் சம்மதித்தால் மட்டும்தான் என்று பணிவாகச் சொன்னான். கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து ஒரே ஒரு வாக்கியம், அவர் என்னை விட்டுப் போனார் என்று சொன்னால் போதும். ஒடீல் அவனுக்குக் காப்பி கொடுத்தாள். முடியாது என்றும் சொன்னாள். ரேயால் உள்ளே போய்த் தன்னுடைய கம்பளிக் காலுறை ஒரு ஜோடியை எடுத்துவந்து அவன் மடியில் போட்டான். "இந்த ஷூவோட இங்க சுத்தினா உன் விரலெல்லாம் உதிர்ந்துடும்பா. போட்டுக்கிட்டுக் கெளம்பு."

அடுத்து விட்கோமின் ஆட்கள் வருவார்கள் என்று ஒடீல் எதிர்பார்த்தாள். மறுக்கச் சொல்லி ஒரு போனாவது வரும் என்று நினைத்தாள். யாரும் வரவில்லை. டிவி விவாதத்தில் நிருபர் அவரிடம் நேராகவே கேட்டுவிட்டார். ஆல்டன் தண்ணீர் குவளையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். அந்தக் கதையில் தனக்குப் பாதிதான் சொந்தம், மீதிப் பாதிக்கு உரியவரைக் கேட்காமல் வாய் திறப்பதாக இல்லை என்றார். அதோடு சரி. அப்புறம் அரைமணி நேரம் ஆளாளுக்கு உட்கார்ந்து அந்தப் பதிலைக் கிழித்தார்கள். பதில் இல்லாதவன்தான் இப்படி மழுப்புவான் என்றார் ஒருவர்.

ரேயால் தாடையைச் சொரிந்துகொண்டான். "உன்ன யாராச்சும் கேட்டாங்களா?"

"இல்ல."

"அப்ப நாமதான் போகணும். வியாழக்கிழமை லிட்டில்டன் ஊருப் பள்ளிக்கூடத்துக்கு அவர் வர்றாராம்."

வியாழன் மதியம் பஸ்ஸை விட்டதும் இருவரும் கிளம்பினார்கள். ஒடீல் தேவாலயத்துக்குப் போடும் கோட்டைப் போட்டிருந்தாள். வழியில் ரேயால், பனி உருகச் சாலையில் உப்பு சரியாகத் தூவவில்லை என்று இரண்டு தடவை குறைப்பட்டுக்கொண்டான்.

கூடைப்பந்துக் கூடத்தில் கூட்டம் முடிந்து எல்லோரும் கைகுலுக்க வரிசையில் நின்றார்கள். அவர்களும் நின்றார்கள். ஆல்டனின் முடி முழுக்க வெளுத்திருந்தது. ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டே பார்வை அடுத்தவர் முகத்துக்குப் போய்விடும் பழக்கம் அவருக்கு வந்திருந்தது. ஒடீலின் கையைப் பிடித்தபோதும் பார்வை ரேயாலிடம் போனது. அப்புறம் திரும்பி வந்தது.

"ஒடீல்" என்றார். வரிசையை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பக்கத்துக் கதவைக் காட்டினார்.

அது விளையாட்டு ஆசிரியரின் அறை. நீயும் வா என்று ரேயாலை ஒடீல் கூப்பிட்டாள். பந்து நாற்றம் தனக்கு ஆகாது என்று சொல்லி அவன் கதவுக்கு வெளியிலேயே நின்றுகொண்டான்.

உள்ளே இருந்த பெஞ்சில் உட்காராமல் இருவரும் நின்றார்கள். நல்லா இருக்கியா என்று அவர் கேட்டார். நன்றாக இருக்கிறேன், பஸ் ஓட்டுகிறேன் என்றாள். அவர் இளைத்திருப்பதாகச் சொன்னாள். சாப்பாடெல்லாம் காரிலேயே முடிகிறது என்றார்.

"அவங்க சொல்றதுக்கு நீ ஏன் பதில் சொல்லல?"

"என்ன சொல்றது? ரெண்டு ஞாயிறு நான் வரல. அது நிஜம்தானே."

"மத்த ஞாயிறெல்லாம் வந்தியே. அதச் சொல்ல வேண்டியதுதானே."

"சொன்னா யாரப் பாக்கப் போனேன்னு கேப்பாங்க. அவ இப்ப எங்க இருக்கான்னு கேப்பாங்க. விடிஞ்சா உன் வாசல்ல பத்து வண்டி நிக்கும். உன் பஸ்ஸுல பிள்ளைங்கள ஏத்துற அம்மாமார் எல்லாம் என்ன நினைப்பாங்க?"

அதைப்பற்றி நீ கவலைப்படாதே, இப்போதே வெளியே வந்து நானே சொல்கிறேன் என்றாள் ஒடீல். ஆல்டன் கதவின் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். கேமரா விளக்குகள் இன்னும் அணையவில்லை. ஒரு வாக்கியம் போதும். செவ்வாய்க்கிழமைத் தேர்தலில் ஓட்டு அப்படியே திரும்பும். அவருக்கு அது வேண்டியிருந்தது என்று அவளுக்குத் தெரிந்தது. ஓட்டை ஷூ போட்ட காலத்திலேயே வேண்டியதைப் பார்க்கும்போது அவர் கீழுதட்டைக் கடிப்பார். இப்போதும் கடித்தார். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வேணாம்" என்றார்.

அந்த வேணாம் ஒடீலுக்குக் கோபத்தைக் கிளப்பியது. இத்தனை வருஷம் எங்கே இருந்தது என்று தெரியாத கோபம்.

"அப்பவும் இப்படித்தான் பண்ணின. நான் வராதேன்னேன், நீ வரவே இல்ல. புத்தி பேதலிச்சுக் கிடந்தவ சொன்னத எதுக்கு அப்படியே கேட்ட?"

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். "அஞ்சு மாசமா நீ வாயத் திறக்கல, ஒடீல். அன்னிக்கு அதுதான் முதல் வார்த்தை. நீ பேசிட்டன்னு டாக்டர்கிட்ட ஓடிப்போய்ச் சொன்னேன். அவ்வளவு நாள் கழிச்சு நீ கேட்டது அது ஒண்ணுதான். அதையும் செய்யாம எப்படி இருக்கிறது?"

அவளுக்கு அது ஞாபகமே இல்லை. இரண்டு ஞாயிறு ஜன்னலில் நின்றது ஞாபகம் இருந்தது. அவன் போன பிறகு அந்தச் சுவரின் பச்சை நிறம் ஞாபகம் இருந்தது. ஐந்து மாதத்தில் தன் வாயிலிருந்து வந்த முதல் சொல் அதுதான் என்பதும், அந்த ஒரு சொல்லுக்காக ஒருவன் நடைவழியில் ஓடினான் என்பதும் அவளிடம் இல்லை. அவளும் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"நீ வாசல்ல வந்தாவது நின்னிருக்கலாம்" என்றாள், கோபம் போன குரலில்.

"நின்னிருக்கலாம். எனக்கு அப்ப தோணல."

வெளியே யாரோ கதவைத் தட்டி, அடுத்த ஊருக்கு நேரமாகிறது என்றார்கள். ஒடீல் எழுந்து கோட்டின் பொத்தானைப் போட்டாள். பிறகு, வரும்போது மனசில் இல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"ஹோல்ப்ரூக் பையன் குடிச்சத டிவியில போடுறீங்களே. அந்தப் பையனுக்கும் ஒரு அம்மா இருப்பா இல்ல?"

"அது எங்க ஆளுங்க பண்ணினது."

"நீ பாத்தியா?"

"பாத்தேன். சரின்னு நான்தான் சொன்னேன்."

அவருடைய சட்டைக் காலர் ஒருபக்கம் மடிந்திருந்தது. ஒடீல் அதை இழுத்து நேராக்கிவிட்டாள். வெளியே ரேயால் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான். ஆல்டன் அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை பார்வை எங்கேயும் போகவில்லை.

"நான் ஹோல்ப்ரூக் ஆளு" என்றான் ரேயால். "முன்னாடியே சொல்லிடறது நல்லது."

"நல்ல மனுஷன்தான் அவர்" என்றார் ஆல்டன்.

"டிவியில நீங்க அப்படிச் சொல்லலையே."

ஆல்டன் சிரித்துவிட்டார். ஒடீலுக்கு அந்தச் சிரிப்பை அடையாளம் தெரிந்தது.

மறுநாள் செய்தியில், ஹோல்ப்ரூக்கின் மகனைப் பற்றிய விளம்பரத்தை விட்கோம் நிறுத்திவிட்டார் என்று சொன்னார்கள். காரணம் எதுவும் அவர் சொல்லவில்லை. பயந்துவிட்டார் என்றார் ஒரு நிபுணர். தோல்வியை ஒப்புக்கொண்டுவிட்டார் என்றார் இன்னொருவர். ஹோல்ப்ரூக் தரப்பு எதையும் நிறுத்தவில்லை. கருத்துக் கணிப்பு என்ற பேரில் வந்த போன்கள் இன்னும் கூடின.

சனிக்கிழமை தேவாலயக் கூடத்தில் ஊரார் கூடிச் சாப்பிடும் பீன்ஸ் விருந்து. ஒடீல் வழக்கம்போல் பரிமாறும் பெண்களோடு ஏப்ரன் கட்டிக்கொண்டு நின்றாள். ஆலையில் வேலைபார்த்த கிழவர்கள் எல்லாம் ஒரே மேசை. அவர்களில் பெர்னார் என்பவர் வாய் நீளமானவர், மனசில் ஒன்றுமில்லை. அவர்தான் ஆரம்பித்தார். பெண்டாட்டியைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் தள்ளிவிட்டு ஓடினவனுக்கெல்லாம் ஓட்டா, என் வீட்டு நாய்கூட அவனுக்குப் போடாது என்றார். மேசை முழுக்கச் சிரித்தது. ரேயால் மட்டும் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். அவன் எழுந்திருக்கப் போகிறான் என்று தெரிந்து ஒடீல் முந்திக்கொண்டாள்.

"அந்தப் பெண்டாட்டி நான்தான், பெர்னார். இன்னும் கொஞ்சம் பீன்ஸ் வைக்கவா?"

பெர்னார் தட்டைப் பார்த்தார், ரேயாலைப் பார்த்தார், யாராவது இது தமாஷ் என்று சொல்வார்களா என்று பார்த்தார். ஒடீல் பீன்ஸ் பாத்திரத்தை மேசையில் வைத்தாள். எனக்கு ஒரு பிள்ளை பிறந்து செத்துப்போனான், அதில் நான் சீக்காகிவிட்டேன், அந்த மனுஷன் ஞாயிறுதோறும் வந்து உட்கார்ந்திருந்தான், இரண்டு ஞாயிறு வரவில்லை, பிறகு நானே வராதே என்றேன் என்று சொன்னாள். நாலைந்து வாக்கியம்தான். சொல்லி முடித்துக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள்.

பெர்னார், "கொஞ்சம் வை, ஒடீல்" என்று தட்டை நீட்டினார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அவர் தட்டு ஏற்கெனவே நிரம்பித்தான் இருந்தது.

அன்றைக்கே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை காலை ஒடீல் எப்போதும்போல் பஸ்ஸை எடுத்தாள். மலைச் சரிவு வீட்டில் இரண்டு பிள்ளைகள் நிற்க வேண்டிய இடத்தில் யாரும் இல்லை. அவர்களுடைய அம்மா தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு எதிரே போனாள், பஸ்ஸைப் பார்க்காத மாதிரி. ஒடீல் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஓட்டினாள். மற்ற வாசல்களில் பிள்ளைகள் நின்றார்கள். கடைசி வீட்டில் பெவர்லி என்ற பெண் தன் மகளை ஏற்றிவிட்டுப் படியிலேயே நின்றாள். எப்போதும் கையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே ஓடுகிறவள்.

"எனக்கும் இவளுக்கு முன்னாடி ஒண்ணு போச்சு" என்றாள். "யார்கிட்டயும் சொன்னதில்ல." சொல்லிவிட்டு, குளிருக்குக் கையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

பஸ்ஸில் அன்றைக்கு யாரும் எந்த ஆட்டமும் ஆடவில்லை. ஒடீலுக்கு அந்த அமைதிதான் சங்கடமாக இருந்தது. ஏதாவது பாடுங்களேன் என்றாள்.

ஊருக்குத் தெரிந்தது ஊரைத் தாண்டிப் போகவில்லை. வெளியூர் நிருபர் ஒருவர் செவ்வாய்க்கிழமை வாக்குச்சாவடிப் பக்கம் வந்து, விட்கோமின் முதல் மனைவி இந்தப் பக்கம் இருப்பதாகக் கேள்வி என்று விசாரித்தார். அவரிடம் சிக்கியவர் பெர்னார். அப்படி யாரும் இங்கே இல்லை, கனடாவில் போய்த் தேடுங்கள் என்று வழிகாட்டி அனுப்பினார்.

ஒடீலும் ரேயாலும் சேர்ந்தே போய் ஓட்டுப் போட்டார்கள். யாருக்குப் போட்டாய் என்று அவள் கேட்டதற்கு, ரகசிய ஓட்டு என்று சட்டமே இருக்கிறது என்றான். விட்கோம் தோற்றார். குரோவ்டனிலும் தோற்றார். ஹோல்ப்ரூக்கும் ஜெயிக்கவில்லை. இவர்கள் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சேறு அடித்துக்கொண்டிருந்ததில், யாரும் சீந்தாமல் ஓரமாக நின்ற மூன்றாவது ஆள் முந்திப் போய்விட்டார். ஆல்டன் டிவியில் வந்து எல்லோருக்கும் நன்றி சொன்னார். களைத்திருந்தார், ஆனால் ஒடீலுக்கு அவர் முகம் விவாதத்தன்று இருந்ததைவிடத் தேவலை என்று தோன்றியது. அவருடைய மனைவி பக்கத்தில் நின்று அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒடீலுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்தது.

ரேயால் எழுந்துபோய் டிவியை அணைத்தான். திரும்பி வந்து உட்காராமல், சாப்பாட்டு மேசை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஒண்ணு கேக்கணும். இத்தனை வருஷமா கேக்கல. கேட்டா நீ கலங்கிடுவியோன்னு இருந்தேன்."

"கேளு."

"பையன் பேரு என்ன?"

அந்தப் பேரை அவள் வாய்விட்டுச் சொல்லி எவ்வளவு காலமாயிற்று. சொல்வதற்கு முன் உதட்டை ஒருதடவை நனைத்துக்கொண்டாள்.

"எமில்."

"உங்கப்பா பேரா?" ரேயால் அவளுடைய அப்பாவோடு ஆலையில் ஒரே யந்திரத்தில் வேலை பார்த்தவன். "கிழவனுக்குத் தெரியுமா?"

"தெரியும். காது அப்படியே அப்பா காது. ரெண்டும் விறைச்சுக்கிட்டு வெளிய நிக்கும். தொப்பி போட்டா தலையில நிக்கவே நிக்காது."

ரேயால் நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தான். வேறென்ன என்று கேட்டான். அவள் சொல்ல ஆரம்பித்தாள்: தும்மினால் தானே பயந்துபோய் அழுவான், இடதுகைக் கட்டைவிரலைத்தான் சூப்புவான், மழைச்சத்தம் கேட்டால் தூங்கிவிடுவான். அவன் முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தான்.